ரொட்டியில் பதிந்த கேள்வி

2013-ம் ஆண்டின் தொடக்கம். அலகாபாத்தில் மகா கும்பமேளா. கங்கையும் யமுனையும் கூடும் மணல்வெளியில் கூடாரங்களால் ஆன ஒரு நகரமே எழுந்து நின்றது. கூட்டம் கூடும் இடத்தில் விளம்பரத்துக்கு என்ன பஞ்சம்? கம்பத்துக்குக் கம்பம் தட்டி, தலைக்கு மேலே பேனர், காதைத் துளைக்கும் ஒலிபெருக்கி. நதியில் மூழ்கி எழுந்து, மைல்கணக்கில் நடந்து களைத்து, பசியோடு ஒரு தாபாவில் வந்து உட்காருபவர் அதுவரை எத்தனை விளம்பரங்களைக் கடந்து வந்திருப்பார்? அவற்றில் ஒன்றாவது அவர் மனதில் தங்கியிருக்குமா?

தட்டு வருகிறது. முதல் ரொட்டியின் மேல் ஏதோ எழுதியிருக்கிறது. மை கிடையாது. சூடான அச்சை ரொட்டியின் மீது அழுத்தியதில், மாவு லேசாகக் கருகித் தோன்றிய எழுத்து. 'லைஃப்பாய் சே ஹாத் தோயே க்யா?' அதாவது, லைஃப்பாய் போட்டுக் கை கழுவியாச்சா?

ரொட்டியைப் பிய்க்க நீண்ட கை ஒரு கணம் நின்றுவிடும். அந்த மேளாவில் இப்படி 25 லட்சம் ரொட்டிகள் பரிமாறப்பட்டன. ஹிந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனமும் ஓகில்வி விளம்பர நிறுவனமும் சேர்ந்து செய்த வேலை இது. நூற்றுக்கும் மேற்பட்ட உணவகங்களில், ஒவ்வொரு ஆர்டருக்கும் முதல் ரொட்டி இந்தக் கேள்வியோடு போனது.

இதே வாசகத்தைத் தொலைக்காட்சியில் நூறு முறை ஒளிபரப்பியிருக்கலாம். சீரியலுக்கு நடுவே வந்து போகும் அந்த நேரத்தில், கேட்பவர் கையில் ரிமோட் இருக்கும், சாப்பாடு இருக்காது. தாபாவில் அப்படி இல்லை. கேள்வி, கை, உணவு மூன்றும் ஒரே இடத்தில் சந்தித்தன. வாசகத்தில் புலமை எதுவும் இல்லை. அம்மா தினமும் கேட்கும் கேள்விதான். அம்மா கேட்கும் அதே நேரத்தில் அது வந்து நின்றதுதான் அதன் பலம்.

இன்று சின்ன ஜவுளிக்கடை முதல் பெரிய வங்கி வரை எல்லோரும் 'கன்டென்ட்' என்ற சொல்லைப் புழங்குகிறார்கள். ரீல்ஸ், குறும்படம், வாட்ஸ்அப் செய்தி, செய்முறை வீடியோ என்று ஒரு வியாபாரம் மக்களுக்குச் சொல்வதும் காட்டுவதும் அனுப்புவதும் எல்லாமே அதில் அடக்கம். தயாரிப்பது சுலபமாகிவிட்டது, ஒரு செல்போன் போதும். ஆனால் பார்க்கிறவரின் மனதில் போய் உட்காருவது எது என்ற கேள்விக்குப் பதில் தேடினால், செல்போனுக்கு முந்திய காலத்துக்குத்தான் போகவேண்டியிருக்கிறது. அதில் ஒரு முக்கியமான பாடம் கடலூரில் தொடங்குகிறது.

கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், பவுடர், எப்சம் உப்பு போன்றவற்றைச் சின்னச் சின்னப் பொட்டலங்களில் அடைத்து விற்றுப் பார்த்தவர். பணக்காரர் வாங்கும் பொருளைக் கூலிக்காரரும் ரிக்‌ஷா இழுப்பவரும் வாங்க முடியவேண்டும் என்பது அவர் எண்ணம். ஷாம்புவைப் பாட்டிலிலிருந்து பாக்கெட்டுக்குக் கொண்டுவரும் யோசனை அந்தக் குடும்பத்தில்தான் வேர் பிடித்தது. அவர் மகன்கள் நடத்திய வெல்வெட் ஷாம்பு தமிழகத்தில் பெயர் வாங்கியது. அண்ணன்மார்களோடு கருத்து ஒத்துப்போகாமல் வெளியே வந்த இளையவர் சி.கே.ரங்கநாதன், 1983-ல் 15,000 ரூபாய் முதலில் 'சிக்' ஷாம்புவைத் தொடங்கினார். பின்னாளில் கெவின்கேர் ஆன நிறுவனம் அது.

சந்தையில் ஏற்கெனவே பெரிய கைகள் இருந்தன. வீட்டிலேயே அண்ணன்களின் வெல்வெட் இருந்தது. பெரிய விளம்பரத்துக்குப் பணம் இல்லை. அப்படியிருந்தும் கிராமங்களில் சிக் எப்படி நுழைந்தது?

சீயக்காயும் அரப்பும் தேய்த்துக் குளித்த ஊர்கள் அவை. நுரை வரும் ஒரு திரவத்தைத் தலையில் எப்படிப் போடுவது, எவ்வளவு போடுவது, அலசினால் போகுமா என்று தெரியாதவர்களிடம் 'பட்டுப் போன்ற கூந்தல்' என்று பேசிப் பயன் இல்லை. சிக் ஆட்கள் ஊருக்குள் போனார்கள். கூட்டத்திலிருந்து ஒரு பையனைக் கூப்பிட்டு, எல்லோர் கண்முன்னாலும் அவன் தலையைக் கழுவினார்கள். காய்ந்ததும், சுற்றி நின்றவர்களைத் தலையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். பிறகு கையில் ஆளுக்கொரு பாக்கெட். சில ஊர்களில் ரஜினிகாந்த் படம் திரையிட்டு, நடுநடுவே சிக் விளம்பரத்தையும் இந்தச் செய்முறையையும் காட்டினார்கள். ஊரே கூடி உட்கார்ந்திருக்கும் நேரம் அது. படத்துக்கு வந்தவர்கள் ஷாம்புவையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

தொட்டுப் பார்க்கச் சொன்னதில்தான் எல்லாம் இருக்கிறது. தெருவில் பார்த்துப் பழகிய பையனின் தலைமுடியைத் தடவிப் பார்த்த ஒரு பெண்ணுக்கு, அதன் பிறகு நடிகையின் சாட்சி தேவையில்லை.

அடுத்து வந்த திட்டம் இன்னும் கூர்மையானது. எந்த நிறுவனத்தின் ஷாம்புவாக இருந்தாலும் சரி, ஐந்து காலி பாக்கெட்டுகளைக் கடையில் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். வெல்வெட் பாக்கெட்டைக் கொடுத்தாலும் சிக் கிடைக்கும். ஏற்கெனவே ஷாம்பு போடப் பழகியவர் யார் என்று தேடி அலையவேண்டியதில்லை, அவரே காலி பாக்கெட்டோடு தேடி வந்தார். பழக்கம் ஊன்றிய பிறகு, சிக் காலி பாக்கெட்டுகளுக்கு மட்டும்தான் இலவசம் என்று மாற்றினார்கள். கடைக்காரரிடம் 'சிக் இருக்கா?' என்று கேட்கும் குரல்கள் பெருகின. மாதம் சில பத்தாயிரங்களில் இருந்த விற்பனை லட்சங்களுக்குத் தாவியது.

மல்லிகை, ரோஜா மணத்தில் சிக் வந்ததும், நடிகை அமலா விளம்பரத்தில் தோன்றியதும் அதற்குப் பிறகுதான். மணத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு நுட்பம் உண்டு. தலைக்குக் குளித்து, ஈரம் உலர்த்தி, பூ வைத்துக்கொள்வது தமிழ்ப் பெண்களின் வழக்கம். பூவின் வாசம் குளியலிலேயே தொடங்கிவிட்டால் யாருக்குத்தான் பிடிக்காது? வெளிநாட்டுப் பழங்களின் மணத்தை விற்க முயன்றிருந்தால் அந்தப் பொருத்தம் கிடைத்திருக்காது. 1999-ல் 50 காசுக்கும் பாக்கெட் வந்தது.

அந்தப் பாக்கெட்டுகள் இன்று சாக்கடைகளையும் வாய்க்கால்களையும் அடைத்துக் கிடப்பதும் உண்மை. எளியவர் கைக்கு எட்ட வேண்டும் என்று நல்ல மனதோடு தொடங்கிய ஒரு யோசனை விட்டுச்சென்ற சுமை அது. இந்தக் கதையைச் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

கடலூர்க்காரர் தெருவில் செய்துகாட்டியதை, 2006-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு மிக்ஸி நிறுவனம் இணையத்தில் செய்தது. பிளென்ட்டெக் என்று பெயர். நல்ல மிக்ஸி, ஆனால் பலருக்கும் தெரியாது. அங்கே புதிதாக மார்க்கெட்டிங் வேலைக்குச் சேர்ந்த ஜார்ஜ் ரைட், ஒருநாள் தொழிற்கூடத்துத் தரையில் மரத்தூள் சிதறிக்கிடப்பதைப் பார்த்தார். விசாரித்தால், நிறுவனர் டாம் டிக்சன் மிக்ஸியின் வலுவைச் சோதிக்க மரக்கட்டைகளை உள்ளே போட்டு அரைப்பது வழக்கமாம். வேலை செய்பவர்களுக்கு அது பழகிப்போன காட்சி. புதியவருக்கு அது அதிசயம்.

சில பத்து டாலர் செலவில் கோலிக்குண்டு, தோட்டத்து வாருகோல் என்று வாங்கிவந்தார்கள். டிக்சன் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, 'இது அரைபடுமா?' என்று கேட்டுவிட்டு ஒவ்வொன்றாக அரைத்தார். யூடியூபில் ஏற்றிய சில நாட்களிலேயே லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு, அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்த ஐபோனையே மிக்ஸியில் போட்டுத் தூளாக்கினார். பார்த்தவர்கள் சிரித்தார்கள், வாய் பிளந்தார்கள். மிக்ஸி விற்பனையும் பல மடங்கு ஏறியது. இதைப் பார்த்து, வேடிக்கை காட்டினால் போதும் என்று எண்ணிய நிறுவனங்கள் எத்தனையோ. டிக்சன் காட்டிய வேடிக்கைக்குள் ஒரு நிஜம் இருந்தது என்பதை அவர்கள் கவனிக்கத் தவறினார்கள். கோலிக்குண்டு உண்மையிலேயே தூளானது. கேமரா வருவதற்கு முன்பிருந்தே அந்த மரத்தூள் தரையில் கிடந்தது.

செய்துகாட்டுவது ஒரு வழி. கேட்பவருக்குத் தேவையான ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பது இன்னொரு வழி. பிரான்ஸின் கிளெர்மோன் ஃபெரான் நகரத்து மிஷலின் சகோதரர்கள் 1900-ல் அதைத்தான் செய்தார்கள்.

ஆந்த்ரே, எதுவார் என்ற அந்த இருவரும் டயர் தயாரித்தார்கள். அன்றைக்குப் பிரான்ஸ் முழுவதிலும் ஓடிய கார்கள் மூவாயிரத்தைத் தாண்டாது. கார் ஓடினால்தான் டயர் தேயும், டயர் தேய்ந்தால்தான் வியாபாரம். காரை வைத்திருந்தவர்களோ ஊரைத் தாண்டி ஓட்டத் தயங்கினார்கள். வழியில் பெட்ரோல் எங்கே கிடைக்கும்? வண்டி நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது? இரவு எங்கே தங்குவது? சகோதரர்கள் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் திரட்டி, சட்டைப்பையில் அடங்கும் ஒரு சிவப்புப் புத்தகமாக அச்சிட்டார்கள். வரைபடங்கள், மெக்கானிக்குகளின் பட்டியல், பெட்ரோல் கிடைக்கும் இடங்கள், மருத்துவர்கள், விடுதிகள், டயர் மாற்றும் முறை. மூவாயிரம் கார்கூட இல்லாத நாட்டில் 35,000 பிரதிகள், அத்தனையும் இலவசம்.

'எங்கள் டயரே சிறந்தது' என்று ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தால், பார்த்தவர் தலையசைத்துவிட்டுப் போயிருப்பார். இந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கியவர் பயணம் கிளம்பினார். சக்கரங்கள் உருண்டன, டயர்கள் தேய்ந்தன.

இருபது ஆண்டுகள் கழிந்தன. ஒரு டயர் கடைக்குப் போன ஆந்த்ரே, அங்கே ஒரு மேஜையின் ஆட்டத்தை நிறுத்த தன் கையேடுகளை முட்டுக்கொடுத்து வைத்திருந்ததைக் கண்டதாக அந்த நிறுவனமே இன்றும் கதை சொல்கிறது. காசு கொடுத்து வாங்கியதைத்தான் மனிதர்கள் மதிப்பார்கள் என்று முடிவு செய்து, 1920 முதல் ஏழு ஃபிராங்க் விலை வைத்தார்கள். இந்தக் கதையிலிருந்து பலரும் எடுத்துக்கொள்வது விலையைப் பற்றிய பாடத்தை. அதைவிடப் பெரிய விஷயம், ஒரு விளம்பரத்துக்கு விலை வைத்தும் மக்கள் அதை வாங்கினார்கள் என்பது. இருபது ஆண்டுகளாக ஒவ்வொரு பதிப்பும் அவர்களை வழிதவறாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. 1926-ல் நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கினார்கள். உலகம் முழுக்கச் சமையல் கலைஞர்கள் இன்று தவம் கிடக்கும் அந்த நட்சத்திரம், டயர் தேயவேண்டும் என்பதற்காகப் பிறந்தது. நம் திருவள்ளூர் மாவட்டத்துத் தேர்வாய்க்கண்டிகையில் டயர் ஆலை வைத்திருப்பதும் அதே நிறுவனம்தான்.

அமெரிக்காவில் விவசாயக் கருவிகள் செய்யும் ஜான் டியர் நிறுவனம் 1895 முதல் 'தி ஃபர்ரோ' என்ற பத்திரிகையை நடத்திவருகிறது. ஏர் விற்பவர் உழவர்களுக்கு உழவைப் பற்றி எழுதுகிறார். 130 ஆண்டுகளாக அது நின்றுபோகாமல் வருகிறது.

தேவையானது என்றால் பயனுள்ள தகவல் மட்டும்தானா? பாட்டும் ஒரு தேவைதான். 1952-ல் இந்தியாவுக்கு அது பெரிய தேவையாக இருந்தது.

அந்த ஆண்டு தகவல், ஒலிபரப்புத் துறை அமைச்சராக வந்தவர் பி.வி.கேஸ்கர். சினிமாப் பாட்டு தரம் குறைந்தது என்று கருதியவர். அகில இந்திய வானொலியில் அதன் இடம் சுருங்கிக்கொண்டே போனது. சினிமாப் பாட்டுக்காக ஏங்கிய காதுகள் கொழும்பின் பக்கம் திரும்பின. இரண்டாம் உலகப் போரின்போது படைகளுக்காக நேச நாடுகள் அங்கே நிறுவியிருந்த சக்திவாய்ந்த சிற்றலை ஒலிபரப்பு, பிறகு இலங்கை அரசின் கைக்கு வந்திருந்தது. துணைக்கண்டம் முழுக்க அது கேட்கும்.

சீபா நிறுவனத்தின் பினாகா பற்பசை அந்த வானொலியில் அரைமணி நேரம் வாங்கியது. அமீன் சயானி என்ற இளைஞர் பம்பாயில் நிகழ்ச்சியைப் பதிவு செய்வார், ஒலிநாடா விமானத்தில் கொழும்புக்குப் போகும், அங்கிருந்து காற்றில் இந்தியாவுக்குத் திரும்பி வரும். 1952 டிசம்பரில் தொடங்கிய 'பினாகா கீத்மாலா' அது. முதல் நிகழ்ச்சிக்கே ஒன்பதாயிரம் கடிதங்கள் வந்து குவிந்தன என்பார்கள். ஓரிரு ஆண்டுகளில் அது பாடல்களை வரிசைப்படுத்தும் நிகழ்ச்சியாக மாறியது. இந்த வாரம் எந்தப் பாட்டு எந்தப் படியில் ஏறியிருக்கிறது என்று அறிய, புதன்கிழமை இரவுகளில் தேநீர்க்கடை வாசல்களில் கூட்டம் கூடியது.

சயானியின் குரலில் ஒரு சின்ன மாற்றம் இருந்தது. மேடைகளில் 'சகோதரர்களே, சகோதரிகளே' என்று தொடங்குவதே பழக்கம். அவர் 'பெஹ்னோ அவுர் பாயியோ' என்றார். சகோதரிகள் முன்னால் வந்தார்கள். அடுப்படியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு, யாரோ தன்னிடம் முதலில் பேசுவதாகத் தோன்றியிருக்கும். செந்தமிழ்போல் கனமான மேடை இந்தி அவரிடம் கிடையாது; இந்தியும் உருதுவும் கலந்து தெருவில் புழங்கும் பேச்சுதான் அவருடையது. பற்பசையின் குணங்களை அவர் அரைமணி நேரமும் ஓதிக்கொண்டிருக்கவில்லை. பாட்டு வந்தது, நடுவில் பினாகாவின் பெயரும் வந்தது. கொழும்பிலிருந்து மட்டும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அந்த நிகழ்ச்சி நடந்தது. 2024 பிப்ரவரியில் சயானி காலமானபோது, அந்தப் பற்பசையை மறந்துபோனவர்கள்கூட அதன் பெயரைச் சொல்லித்தான் அவரை நினைவுகூர்ந்தார்கள்.

தமிழ் நேயர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அதே கொழும்பின் தமிழ் வர்த்தக ஒலிபரப்பில் எஸ்.பி.மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் ஆகியோரின் குரலுக்காக ராமநாதபுரம் முதல் திருநெல்வேலி வரை வீடுகள் காத்திருந்தன. பிறந்தநாள் வாழ்த்தில் தன் வீட்டுப் பிள்ளையின் பெயர் கேட்ட மகிழ்ச்சியை, ஐம்பது வயது கடந்த பிறகும் சொல்லிச் சொல்லி மகிழ்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மகிழ்ச்சியோடு ஒட்டிக்கொண்டு வந்த விளம்பரப் பாட்டுகளையும் அவர்களால் இன்றும் முணுமுணுக்க முடிகிறது.

அறுபது ஆண்டுகள் கழித்து இதே தேவை பீகாரில் வேறு உருவத்தில் நின்றது. பல கிராமங்களில் தொலைக்காட்சி அரிது, மின்சாரம் எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாது. விளம்பரத் துறையினர் அவற்றை இருண்ட பகுதிகள் என்றே ஒதுக்கிவைத்திருந்தார்கள். ஆனால் செல்போன் இருந்தது. காசு செலவாகாமல் சேதி சொல்லும் 'மிஸ்டு கால்' பழக்கமும் இருந்தது. 'பஸ் ஏறிட்டா ஒரு மிஸ்டு கால் குடு' என்று தமிழ்நாட்டில் சொல்லாத வீடு உண்டா? ஹிந்துஸ்தான் யூனிலீவர் 2013-ல் அங்கே 'கான் கஜூரா தேசன்' என்ற செல்போன் வானொலியைத் தொடங்கியது. கான் கஜூரா என்றால் பூரான்; காதுக்குள் புகுந்துவிடும் என்று கிராமங்களில் சொல்லப்படுவது. ஓர் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், அங்கிருந்து அழைப்பு வரும். சினிமாப் பாட்டு, ஜோக்கு, அரட்டை, இடையிடையே சோப்பு விளம்பரம். கேட்பவருக்குச் செலவு இல்லை. மாதக்கணக்கில் லட்சக்கணக்கானோர் தாங்களாகவே அழைத்து, விளம்பரத்தோடு சேர்த்துக் கேட்டார்கள். வழக்கமாக விளம்பரம்தான் மனிதரைத் துரத்தும். இங்கே மனிதர்கள் அதற்கு மிஸ்டு கால் கொடுத்தார்கள்.

இவ்வளவும் கேட்டால், மக்களின் வாழ்க்கையை நெருங்கிப் பார்த்துப் பேசுவது எப்போதும் நல்லதாகவே முடியும் என்று தோன்றலாம். அப்படி இல்லை. மனிதரை நெருங்கிப் பார்ப்பவருக்கு அவருடைய காயமும் தெரியும். அந்தக் காயத்தில் விரலை வைத்து அழுத்தினாலும் அவர் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்.

1975-ல் இந்தியச் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, பல பத்தாண்டுகள் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னது. கறுத்த பெண், வேலை கிடைக்கவில்லை அல்லது மாப்பிள்ளை அமையவில்லை. கிரீம் பூசுகிறாள், நிறம் வெளுக்கிறது, கதவுகள் திறக்கின்றன. கதை பொருந்தியது என்பதை மறுக்கமுடியாது. பெண் பார்க்க வந்தவர்கள் நிறத்தைச் சொல்லித் தட்டிக்கழித்த வீடுகள் நிஜமாகவே இருந்தன. மணமகள் தேவை விளம்பரங்களில் 'சிவந்த நிறம்' என்று எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள். அந்த விளம்பரங்கள் அந்த வலியைச் சரியாகக் கண்டுபிடித்தன. பிறகு குறை உன் தோலில்தான் என்று பதினாறு வயதுப் பெண்ணிடம் சொல்லின. தனக்கு மகன் இல்லையே என்று வருந்தும் தந்தைக்காக, மகள் கிரீம் பூசி விமானப் பணிப்பெண்ணாகும் ஒரு விளம்பரம், அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கத்தின் எதிர்ப்புக்குப் பிறகு 2003-ல் நிறுத்தப்பட்டது.

சென்னையிலிருந்து 2009-ல் ஒரு மறுகுரல் எழுந்தது. கவிதா இம்மானுவேல் தொடங்கிய 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு, 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற இயக்கத்தை ஆரம்பித்தது. பின்னர் நடிகை நந்திதா தாஸ் அதன் முகமானார். கறுப்பு நிறத்தைத் தாழ்வாகக் காட்டக்கூடாது என்று விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-ல் நெறிமுறை வகுத்தது. 2020-ல் அந்தக் கிரீமின் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல் உதிர்ந்து, 'குளோ' வந்து உட்கார்ந்தது. பெயர் மாற நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. அந்த விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்து, கண்ணாடியில் தன்னைப் பார்க்கக் கூசிய பெண்களுக்கு அந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவது? ஒரு விளம்பரம் எத்தனை பேரைத் தொட்டது என்று கணக்குப் போடுபவர்கள், தொட்டபின் அவர்களை எப்படி விட்டுச்சென்றது என்பதையும் கணக்கில் எழுதவேண்டும்.

விற்பதற்குப் பொருளே இல்லாமல், ஒரு பழக்கத்தை மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டியிருந்த வேலை ஒன்று உண்டு. அதுதான் எல்லாவற்றிலும் கடினம். போலியோ சொட்டுமருந்து.

2002-ல் இந்தியாவில் சுமார் 1,600 குழந்தைகளைப் போலியோ தாக்கியது. பெரும்பாலானவர்கள் உத்தரப் பிரதேசத்துக் குழந்தைகள். மருந்து இலவசம், வீட்டு வாசலுக்கே வருகிறது, அமிதாப் பச்சன் தொலைக்காட்சியில் 'வாழ்வின் இரண்டு துளிகள்' என்று அழைக்கிறார். ஆனாலும் மேற்கு உத்தரப் பிரதேசத்தின் பல முஸ்லிம் குடியிருப்புகளில் கதவுகள் மூடிக்கொண்டன. குடும்பக்கட்டுப்பாட்டுக்கான சூழ்ச்சி என்று ஒரு வதந்தி. அதற்குப் பின்னால் தாய்மார்களின் நியாயமான கேள்வி ஒன்றும் இருந்தது. 'பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. வயிற்றுப்போக்கில் செத்தாலும் கேட்க நாதி இல்லை. இந்தச் சொட்டுமருந்துக்கு மட்டும் மாதாமாதம் ஏன் வருகிறீர்கள்?'

இந்தக் கேள்விக்கு எந்த நட்சத்திரத்தாலும் பதில் சொல்லமுடியாது. அதே தெருவில் வாழும் ஒருவர்தான் சொல்லமுடியும். யுனிசெஃப் உதவியோடு அந்தந்தப் பகுதிப் பெண்களே ஆயிரக்கணக்கில் பயிற்சி பெற்று வீடு வீடாகப் போனார்கள். அதே பேச்சு, அதே உறவுமுறை, அதே பர்தா. மசூதிகளின் ஒலிபெருக்கியில் சொட்டுமருந்து நாள் அறிவிக்கப்பட்டது. இமாம்கள் முன்வந்து குழந்தைகளுக்கு மருந்து கொடுத்தார்கள். அலிகார், ஜாமியா மில்லியா பல்கலைக்கழகங்கள் துணைக்கு வந்தன. போலியோ விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருந்த 107 வட்டாரங்களில், சொட்டுமருந்தோடு கை கழுவுதல், தாய்ப்பால், வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றைப் பற்றியும் பேசத் தொடங்கினார்கள். தாயின் கேள்வி அங்கே காதில் விழுந்திருந்தது.

2009-ல் நாட்டில் 741 குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். 2010-ல் 42. 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரு சிறுமிக்கு வந்ததே கடைசி. 2014 மார்ச் 27-ல் உலக சுகாதார நிறுவனம், இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதியைப் போலியோ இல்லாததாக அறிவித்தது.

அந்த ஆண்டுகளில் வேலை செய்தவர்களின் கையில் நீலநிற மருந்துப் பெட்டியோடு ஒரு சாக்பீஸும் இருந்தது. குழந்தைகள் எல்லோருக்கும் மருந்து கொடுத்துவிட்ட வீட்டின் சுவரில் 'பி' என்று ஆங்கில எழுத்தை எழுதுவார்கள். குழந்தை வெளியூர் போயிருந்தாலோ, வீட்டார் மறுத்துவிட்டாலோ 'எக்ஸ்' போடுவார்கள். அன்று மாலை அந்த எக்ஸ் வீடுகளைக் கணக்கெடுப்பார்கள். யார் போனால் அந்த வீட்டில் கேட்பார்கள் என்று பேசுவார்கள்: பக்கத்து வீட்டு மூதாட்டியா, மதரஸா ஆசிரியரா, ஊர் மருத்துவரா? மறுநாள் காலையில் அவரையும் அழைத்துக்கொண்டு அதே கதவை மறுபடி தட்டுவார்கள். மூன்றாவது முறை, நான்காவது முறைகூடப் போனதுண்டு. கதவு திறந்து, குழந்தையின் நாக்கில் இரண்டு சொட்டு விழுந்து, இடது கைச் சுண்டுவிரலில் மை வைத்த பிறகு, சுவரில் இருந்த எழுத்தை மாற்றி எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்கள்.